குடித்தவர் கண்ணில் படாத பலகை

"குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்." இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாத வாக்கியம். ஆனால் இதைச் சாலையோரத்தில் எழுதி வைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவரைப் படிக்கச் சொன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். இந்த வாக்கியத்தில் அதுவும் தனிச் சொல்லாக வராமல் வினைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. 'ஓட்டா...' என்று கண் எட்டும் வரைக்கும் இந்தப் பலகை எதையும் தடுக்கவில்லை. பாதி படித்துவிட்டுக் கடந்து போகிறவருக்குக் கிடைப்பது 'குடித்துவிட்டு வாகனம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. வெறும் தலைப்பு. அதற்கு மேல் சேதி இல்லை.

பாதி படிப்பது அரிதல்ல, அதுதான் வழக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கச் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் ஒரு விதி உண்டு: எழுத்தின் ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் 30 அடி தூரம். அதாவது 20 செ.மீ. உயர எழுத்தை ஏறக்குறைய 72 மீட்டரிலிருந்து படிக்கலாம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கடைசி இருபது சொச்சம் மீட்டரில் பலகை பக்கவாட்டுக்கு ஒதுங்கிவிடும். கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மிச்சம் 50 மீட்டருக்கும் குறைவு, நேரத்தில் இரண்டு நொடி சொச்சம். அந்த இரண்டு நொடியும் முழுசாகப் பலகைக்குக் கிடைக்கப் போவதில்லை. கண்ணைச் சாலையிலிருந்து இரண்டு நொடிக்கு மேல் எடுத்தால் விபத்து ஆபத்து குறைந்தது இரட்டிப்பாகிறது என்பதை, நூறு கார்களில் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைக் கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2006-ல் காட்டியது. நல்ல ஓட்டுநர் பலகைக்குக் கொடுப்பது ஒரு நொடிதான். அதற்கு மேல் கேட்கும் பலகை, பாதுகாப்பின் பெயரால் ஆபத்தை விற்கிறது.

மேலே சொன்ன விதி ரோமன் பெரிய எழுத்துகளுக்கானது. அவை எல்லாம் ஒரே உயரம், பெட்டி பெட்டியாக நிற்கும். தமிழ் எழுத்து அப்படியில்லை. 'கி'யின் கொக்கி மேலே போகும், 'கு'வின் வளைவு கீழே இறங்கும். 20 செ.மீ. வரி உயரம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், மேலுக்கும் கீழுக்கும் இடம் போக எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது கணிசமாகக் குறைவு. 'குடித்துவிட்டு' என்ற ஒரே சொல்லில் கீழ் வளைவுகள், மேல் கொக்கிகள், புள்ளிகள் மூன்றும் உண்டு. 'ஓட்டாதீர்கள்' அதைவிட நெரிசல். மூன்று சொல் வாக்கியம்தானே என்று தோன்றும், கண்ணுக்கு அது மூன்று சொல் வேலை அல்ல.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 20 செ.மீ. எழுத்தை 72 மீட்டர் தள்ளிப் பார்ப்பதும், 1 மி.மீ. எழுத்தை 36 செ.மீ. தள்ளிப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். பலகை வரைவை மொபைல் திரையில் அந்த அளவுக்குச் சுருக்கி, விவரம் தெரியாத ஒருவரிடம் இரண்டு நொடி காட்டிவிட்டு, "என்ன எழுதியிருந்தது?" என்று கேளுங்கள். மேசை மேல் விரித்து வைத்து ஒப்புதல் கையெழுத்துப் போடப்படும் வரைவுகளில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

இவ்வளவும் நிதானத்தில் இருப்பவரின் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. நம் பலகை பேச வேண்டிய ஆள் வேறு.

மது உள்ளே போனதும் கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவது மெதுவாகிறது. ஒரே இடத்தில் நிலைத்துப் பார்ப்பது கூடுகிறது. ஓரங்களில் இருப்பவை கவனத்திலிருந்து நழுவுகின்றன. எதிரே வந்த ஹெட்லைட் வெளிச்சத்தின் கூச்சம் தீர வழக்கத்தைவிட நேரமாகிறது. முதலில் கைவிட்டுப் போவது ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்குக் கவனத்தைப் பகிர்ந்துகொடுக்கும் திறன். இது பல நாடுகள் சட்டவரம்பாக வைத்திருக்கும் 0.05, 0.08 சதவீத ரத்த மது அளவுகளுக்குக் கீழேயே குறையத் தொடங்கிவிடுகிறது. ஆக, அவருடைய கவனம் முழுவதும் எதிரே இருக்கும் சாலைக்கே செலவாகிவிடுகிறது. ஓரத்தில் நிற்கும் பலகைதான் முதல் பலி. அதில் இருப்பது அவருக்காகவே எழுதிய சேதி என்பதுதான் வேடிக்கை.

கண் போனால் போகட்டும், மனம்? கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1990-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மது மனத்தைக் கிட்டப்பார்வையாக்குகிறது என்றார்கள். பக்கத்தில் பளிச்சென்று இருப்பது மட்டும் தெரியும், தள்ளி இருப்பது மங்கிவிடும். வீட்டுக்குப் போக வேண்டும், வண்டி வாசலில் நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது: இவை பக்கத்தில் இருப்பவை. விபத்து, வழக்கு, அடுத்தவர் உயிர் எல்லாம் தள்ளி இருப்பவை.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 1995-ல் வந்தது. டாரா மெக்டொனால்டும் அவருடைய சகாக்களும் குடித்தவர்களிடமும் குடிக்காதவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவீர்களா? இரு தரப்பும் ஒரே மாதிரி மறுத்தது. அடுத்து, கேள்வியில் ஒரு சாக்கைச் சேர்த்தார்கள்: கொஞ்ச தூரம்தான் போக வேண்டும் என்றால்? குடிக்காதவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குடித்தவர்கள் இறங்கி வந்தார்கள். 'பக்கத்துலதானே' என்ற அந்த ஒற்றைச் சாக்கு போதுமாக இருந்தது.

பலகை எழுதுகிறவருக்கு இது பொக்கிஷம். குடித்தவருக்குக் குடித்துவிட்டு ஓட்டுவது தப்பு என்பது தெரியாமல் இல்லை, அதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்ட வேண்டியது சாக்கை. "பக்கத்து வீதியானாலும் வண்டி வேண்டாம்" என்பது பொத்தாம்பொதுவான "குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்" என்பதைவிட ஒரு படி மேல். காரணம், அது அந்த மனத்தில் அந்த நொடி ஓடிக்கொண்டிருக்கும் வசனத்துக்கே பதில் சொல்கிறது.

இன்னொரு சோதனை, 2000-ல். இது வாகனம் பற்றியதல்ல, பாதுகாப்பான உடலுறவு பற்றியது. மது விடுதிக்கு வந்தவர்களின் கையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பினார்கள். சிலருக்குச் சிரித்த முகம், சிலருக்கு எய்ட்ஸ் கொல்லும் என்ற வாசகம். அந்த எச்சரிக்கை கையில் இருந்தபோது, குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடவும் கவனமாகப் பதில் சொன்னார்கள். மனத்தின் அதே கிட்டப்பார்வை இப்போது எதிர்ப்பக்கம் இழுத்தது. கண்ணுக்கு எதிரே இருந்தது எச்சரிக்கை, மற்றதெல்லாம் மங்கிவிட்டது.

என் கணிப்பில், குடி எச்சரிக்கைப் பலகையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டு சோதனைகளிலேயே இருக்கிறது. சேதி குடித்தவரின் கைக்கெட்டும் தூரத்தில், முடிவு எடுக்கும் கணத்தில், பெரிதாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறியாகிவிட்டது என்றால் முடிவு எடுத்தாகிவிட்டது. அங்கே நிற்கும் பலகை வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறது, கிளம்பாதே என்று சொல்லும் காலம் தாண்டிவிட்டது. அப்படி ஓரங்கட்டுகிறவர் எத்தனை பேர்?

ஆக இடம் மாற வேண்டும். மது விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும் சுவர் முதல் தரமான இடம். அங்கே வண்டி நிற்கிறது, இரண்டு நொடிக் கட்டுப்பாடு இல்லை. நிறுத்துமிடச் சீட்டின் பின்பக்கம், சாவியோடு கொடுக்கும் டோக்கன், பணம் கட்டும் ஜன்னல் எல்லாமே பலகைதான். அடுத்த நல்ல இடம், மாலையில் அந்தப் பகுதிக்குள் நுழையும் சாலை. ஆள் இன்னும் நிதானத்தில் இருக்கிறார், "திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்தாச்சா?" என்ற கேள்வி அப்போது காதில் ஏறும். நீண்ட சிவப்பு விளக்கு விழும் சந்திப்பும் பரவாயில்லை. வளைவு, சாலைகள் இணையும் இடம், வேறு போக்குவரத்துக் குறிகள் கூடி நிற்கும் இடம் ஆகியவை கூடவே கூடாது. விபத்து நடந்த இடத்திலேயே பலகை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்த இடத்தில் ஓட்டுநருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், அதனால்தான் அங்கே விபத்து நடக்கிறது.

சரி, என்ன எழுதுவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பயமுறுத்தல். நொறுங்கிய கார், ரத்தம், மண்டை ஓடு, இறந்தவர் எண்ணிக்கை. இதில் ஒரு பாடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிடைத்தது. அங்கே 2012 ஆகஸ்டிலிருந்து, மாதத்தில் ஒரு வாரம் நெடுஞ்சாலை மின்பலகைகளில் அந்த ஆண்டு இதுவரை சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஜொனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வாரங்களை மற்ற வாரங்களோடு ஒப்பிட்டு, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கை காட்டப்பட்ட வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியிருந்தன. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,600 கூடுதல் விபத்துகள், 16 கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. எண் பெரிதாகப் பெரிதாக பாதிப்பும் கூடியது. உலுக்கும் சேதி ஓட்டுநரின் மனத்தைச் சாலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம்.

அந்தப் பலகைகள் குடியைக் குறிவைத்தவை அல்ல. ஆனாலும் படிப்பினை பொருந்தும். சாலையில் வருகிற நூறு பேரில் பெரும்பாலானவர்கள் குடிக்காதவர்கள். குடித்த ஓரிருவருக்காக எழுதும் கோரப் பலகையின் விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். பயம் காட்டினால் கூடவே தப்பும் வழியையும் காட்ட வேண்டும் என்பது உளவியலில் பழைய பாடம். வழி இல்லாத பயத்துக்கு மனம் செய்யும் ஒரே மரியாதை, முகத்தைத் திருப்பிக்கொள்வது. மண்டை ஓட்டுக்குக் கீழே எழுதினால் "டாக்ஸி எண்" என்றாவது எழுதுங்கள்.

அடுத்த தப்பு, "ஆயிரக்கணக்கானோர் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள்" என்று புலம்புவது. அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்றில் உளவியலாளர் ராபர்ட் சால்டினியும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்று காட்டின் நிலையை மாற்றிவிட்டார்கள் என்று எழுதிய பலகை இருந்த பாதையில், குறி வைத்துப் போட்ட துண்டுகளில் 7.92 சதவீதம் திருடுபோயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பாதையில் 1.67 சதவீதம். 'எல்லோரும்தான் செய்கிறார்கள்' என்று பலகையே சான்றிதழ் கொடுத்துவிட்டது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்திப் பார்த்தது அதே அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். அங்கே இளைஞர்களில் ஐந்தில் ஒருவர்தான் குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொன்னார். ஆனால் பத்தில் ஒன்பது பேர், தங்கள் வயதினரில் பெரும்பாலோர் அதைச் செய்வதாக நம்பினார்கள். ஐந்தில் நான்கு பேர் குடித்துவிட்டு ஓட்டுவதில்லை என்பதையே பிரசாரமாக வைத்தார்கள். உண்மை நம் பக்கம் இருக்கும்போது அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்? ஒரே நிபந்தனை: அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலுவானது மாட்டிக்கொள்வோம் என்ற நினைப்பு. தண்டனை எவ்வளவு பெரிது என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் ஆளைத் தடுக்கிறது. பிரிட்டன் 1967-ல் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, மூச்சுச் சோதனையைக் கொண்டுவந்தது. விபத்துகள் சட்டென்று குறைந்தன. பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின. லாரன்ஸ் ராஸ் என்ற ஆய்வாளர் சொன்ன காரணம், தெருவில் நிஜமாக ஊதச் சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் வேறு வழி எடுத்தது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று வைத்து, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய அளவில் நடத்தியது. அந்தப் பலன் நிலைத்தது. ஊரறியச் சொல்லி நடத்தும் இத்தகைய சோதனைகளால் குடி சார்ந்த விபத்துகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பலகைக்கு இதில் இருக்கும் வேலை தண்டோரா போடுவது. "இன்றிரவு இந்தச் சாலையில் மூச்சுச் சோதனை" என்பது ஆறு மாதச் சிறை, இத்தனை அபராதம் என்ற பட்டியலைவிடக் கூர்மையானது. ஆனால் சோதனை நடக்க வேண்டும். நடக்காத சோதனையை அறிவிக்கும் நிரந்தரப் பலகையைப் பத்தாம் நாள் யாரும் மதிக்க மாட்டார்கள். புலி வருது கதைதான். எடுத்து வேறு இடத்தில் வைக்கக்கூடிய பலகையே இதற்குத் தோது.

சொல் தேர்வில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: 'போதை'. "குடிபோதையில் வாகனம் ஓட்டாதீர்" என்று எழுதினால், படிப்பவர் தன்னையே கேட்டுக்கொள்வார்: நான் போதையிலா இருக்கிறேன்? நம் பேச்சில் போதை என்றால் தள்ளாட வேண்டும், நாக்கு குழற வேண்டும். "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்பவருக்கு அந்தப் பலகை அடுத்த மேசைக்காரரைப் பற்றியது. சட்டமும் உடலும் அளவைப் பார்க்கின்றன, தள்ளாட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே 'போதை' வேண்டாம், 'குடித்தால்' போதும். குடித்தேனா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள்தான் உண்டு. 'மது அருந்தி' என்பது மரியாதையாக இருக்கும், யாரும் தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்வதில்லை.

'குடித்தால்' என்று தொடங்கினால், முதலில் சொன்ன மறுப்புச் சிக்கலுக்கும் வழி கிடைக்கிறது. தடுப்பதை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லலாம். "குடித்தால் சாவியைக் கொடு." மூன்றே சொற்கள், நேர்வினை, எங்கே கண் பட்டாலும் தப்பான பொருள் வராது. 'கொடு' மரியாதைக் குறைவு என்று யாராவது ஆட்சேபிப்பார்கள். 'கொடுங்கள்' என்றால் எழுத்து கூடும். நண்பன் சொல்வது மாதிரி இருக்கட்டும் என்று நான் 'கொடு' பக்கம் நிற்பேன். எதுகை மோனைக்கும் சாலையில் நான் எதிரி. "போதையில் பயணம், பாதையில் மரணம்" மாதிரியான வரிகள் காதுக்கு இனிப்பவை, சுவரொட்டிக்கு ஏற்றவை. ஓடும் வண்டியில் காது வேலை செய்யவில்லை. முதலில் சொன்ன அமெரிக்கக் கையேட்டின் 2023 பதிப்பும், மின்பலகைகளில் நகைச்சுவையையும் சினிமா சங்கதிகளையும் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

எழுத்தே வேண்டாம், படம் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் இந்த விஷயத்தைப் படமாக்குவது கடினம். கோப்பை மேல் சிவப்புக் கோடு போட்டால் இங்கே குடிக்கக் கூடாது என்று பொருள். கார் மேல் போட்டால் கார் வரக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் கூடாது. 'குடித்த பிறகு' என்ற காலவரிசையைக் கோட்டுச் சித்திரம் சொல்வதில்லை. கோப்பைக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு பிளவு காட்டுவது ஓரளவு பலிக்கிறது. நுரை பொங்கும் கோப்பையைத் தத்ரூபமாக வரைவதை மட்டும் தவிர்க்கலாம். சிவப்புக் கோட்டைத் தாண்டி அது விளம்பரமாகிவிடும்.

இந்தப் பலகைகளுக்கு இரவில்தான் வேலை. ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியனுப்பும் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டில் வெள்ளை எழுத்து ஒளிரும்போது, அதன் விளிம்பு பரவித் தடிக்கும். தடித்த தமிழ் எழுத்தில் முதலில் அடைபடுவது உள்வளைவுகளும் புள்ளியும்தான். புள்ளி மேல் கொக்கியோடு ஒட்டிக்கொண்டால் எழுத்தே மாறிவிடும். பகலில் கம்பீரமாகத் தெரியும் தடித்த எழுத்துரு இரவில் குழம்பும். கோடு சற்று மெலிந்து, இடைவெளி சற்று விரிந்து இருக்க வேண்டும். வரைவை ஒப்புக்கொள்கிறவர் ஒரு இரவாவது ஹெட்லைட் போட்டுப் பார்க்க வேண்டும்.

சில பலகைகள் குடித்தவரிடம் பேசவே முயல்வதில்லை. வட அமெரிக்கச் சாலைகளில், குடித்து ஓட்டுகிறவரைக் கண்டால் அவசர உதவி எண் 911-க்கு அழையுங்கள் என்ற பலகைகள் நிற்கின்றன. அவை மற்ற ஓட்டுநர்களுக்கானவை. அதே நேரம், 'எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்ற நினைப்பைக் குடித்தவருக்கும் தருகின்றன. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பலகை வேலை செய்ததா என்பதை அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு சாலையில் வழக்கத்துக்கு மாறாக நிறைய விபத்துகள் நடந்த ஆண்டுக்குப் பிறகுதான் பலகை வைப்பார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை பலகை இல்லாமலேயே இறங்கியிருக்கும், ஏனென்றால் முந்தைய ஆண்டு ஒரு துரதிர்ஷ்ட உச்சம். பலகை வைக்காத ஒத்த சாலைகளோடு ஒப்பிடாமல் சொல்லும் வெற்றிக் கதைகளை நான் நம்புவதில்லை.

கடைசியாக, குடித்தவர் தானே படித்தாக வேண்டிய பலகை ஒன்று இருக்கிறது. விரைவுச்சாலையின் வெளியேறும் வழியில் தப்பாக உள்ளே ஏறி, எதிர்த்திசையில் ஓட்டி வருகிறவர்களுக்கான பலகை அது. இத்தகைய மோதல்களில் 60 சதவீதத்துக்கும் மேல் குடித்த ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்டவை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் அறிக்கை தந்தது. இங்கே அறிவுரைக்கு இடமில்லை, சில நொடிகளில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். டெக்சஸில் தன்னார்வலர்களுக்கு மது கொடுத்து, வேறு போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில் இரவில் ஓட்டவைத்துச் சோதித்தார்கள். குடித்தவர்கள் இடவலம் பார்ப்பதைக் குறைத்து, வண்டிக்கு முன்னால் உள்ள தரையையே அதிகம் பார்த்தார்கள். பலகையைப் படிக்க இன்னும் நெருங்கி வர வேண்டியிருந்தது. அதனால்தான் சில இடங்களில் தரையிலேயே அம்புக்குறிகளும் ஹெட்லைட் பட்டால் சிவப்பாக ஒளிரும் பொத்தான்களும் பதிக்கிறார்கள். பலகையைத் தாழ்த்தி வைத்து, கம்பத்துக்கும் சிவப்புப் பட்டை சுற்றுகிறார்கள். டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் பலகையின் விளிம்பைச் சுற்றிலும் மின்னும் சிவப்பு எல்இடிகளையே பொருத்தினார்கள். அந்தப் பலகையில் இருப்பவை இரண்டே சொற்கள்: தவறான வழி.